இஸ்திரி மடிப்பும் வயிற்றெரிச்சலும்

ஃபிரெஞ்சு இயக்குநர் கிளேர் தெனியின் ‘போ த்ரவாய்’, ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இருக்கும் ஒரு ஃபிரெஞ்சு ராணுவ முகாமில் கலூப் என்ற அதிகாரி, சான்தேன் என்ற புதிய வீரனைக் கண்டு எரிகிற கதை. இந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது. “கலூப்புக்கு அந்தப் பையன் மேல ஆசைங்க. வெளிய சொல்ல முடியல. அதான் அவனை அழிக்கப் பாக்குறான்.” சொல்லி முடித்ததும் முடிச்சை அவிழ்த்துவிட்ட திருப்தி முகத்தில் தெரியும். இதை நான் மறுக்கவில்லை. சட்டை போடாத இளைஞர்களை ஜிபூட்டியின் வெயிலில் நிறுத்தி ஆன்யெஸ் கொதாரின் கேமரா அப்படிப் பார்க்கிற ஒரு படத்தில் ஆசையே இல்லை என்று சொல்பவருக்குக் கண்தான் சரியில்லை. ஆனாலும் இந்த விளக்கம் எனக்கு நெஞ்சுக்குழியிலேயே நின்றுவிடுகிறது. இறங்க மாட்டேன் என்கிறது.

1999இல் வந்த படம். ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்துப் போடும் பட்டியலில் 2012இல் 78ஆவது இடத்தில் இருந்தது. 2022இல் 7ஆவது இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், ரொம்ப நல்லது. ஆனால் பாதிப் பேர் விடையைத் தெரிந்துகொண்டுதான் படத்துக்குள்ளேயே நுழைகிறார்கள். என் சந்தேகம் சின்னது. ஆசையும் அதை அடக்குவதும் மட்டும்தான் கதை என்றால், இதற்கு ராணுவம் எதற்கு? ஒரு ஆபீஸில் நடந்திருக்கலாம், ஹாஸ்டலில் நடந்திருக்கலாம். அந்நிய மண்ணில் இருப்பதைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்று ஆர்ட்டே தொலைக்காட்சி தெனியிடம் கேட்டது, அவர் சிறு வயதில் சில காலம் ஜிபூட்டியில் வாழ்ந்தவர், அதனால் அங்கே போனார் என்று சொல்லலாம். சரி, ஊருக்கு அது காரணம். ராணுவத்துக்கு?

எதிரி இல்லாத படை

படத்தில் ஒரு சண்டைகூட இல்லை. ஜிபூட்டி 1977இலேயே சுதந்திரம் அடைந்துவிட்டது. ஃபிரெஞ்சு லீஜன் மட்டும் முகாமைக் காலி செய்யாமல் அங்கேயே இருந்தது. நம்மில் பலருக்கு ஃபிரெஞ்சு ராணுவம் என்றால் புதுச்சேரியில் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் ஃபிரெஞ்சுக் குடிமக்களாக வழக்கமான படைகளில் இருந்தவர்கள். லீஜன் வேறு மாதிரி. 1831இல் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே தொடங்கிய படை. எந்த நாட்டுக்காரனும் வரலாம், பழைய பெயரையும் பழைய கதையையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழையலாம். ‘லீஜனே நம் தாய்நாடு’ என்பதுதான் அவர்கள் எழுதி வைத்திருக்கும் வாசகம். வேறு தாய்நாடு இல்லாதவனிடம் இதைச் சொன்னால் அவன் அப்படியே நம்பிவிடுவான் அல்லவா? நடிகர் தெனி லவான் (இயக்குநர் தெனி வேறு) நடித்த கலூப் அப்படி நம்பினவன்.

இந்தப் படை நாள் முழுக்க என்ன செய்கிறது? முள்கம்பிக்கு அடியில் ஊர்கிறது. பாதி கட்டி அப்படியே விட்ட ஒரு கட்டிடத்துக்குள் துப்பாக்கியோடு பாய்ந்து, உள்ளே இல்லாத எதிரியைத் தேடுகிறது. பாறை உடைக்கிறது. துணி துவைத்துக் கொடியில் காயப்போடுகிறது. ரோட்டோரத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர்கள் இதையெல்லாம் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் சலிப்பாகவும் பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கிற அந்த ஷாட்டுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீரர்களின் உடலை நம்மைச் சொக்க வைக்கிற மாதிரிக் காட்டிவிட்டு, அடுத்த நிமிடமே, “இவங்க இங்க என்னதான் பண்றாங்க?” என்று கேட்கிற ஒரு முகத்தையும் தெனி காட்டிவிடுவார்.

பயிற்சிகளில் ஒன்று இருக்கிறது. வெற்று மார்போடு இருவர் எதிரெதிரே நிற்பார்கள், வேகமாக வந்து ‘பட்’டென்று நெஞ்சோடு நெஞ்சு மோதிக் கட்டிக்கொள்வார்கள், உடனே விலகுவார்கள், மறுபடி மோதுவார்கள். பின்னணியில் பெஞ்சமின் பிரிட்டனின் ‘பில்லி பட்’ ஆப்பரா. நடன அமைப்பாளர் பெர்னார்தோ மோந்தே வடிவமைத்தது. அவரும் வீரர்களில் ஒருவராக நடித்திருக்கிறார். ஆசைக் கட்சிக்காரர்கள் இந்தக் காட்சியைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். நான் பார்ப்பது வேறொன்றை. இங்கே ஒருவனை ஒருவன் தொடலாம், அணைக்கலாம், மூச்சு முகத்தில் படுகிற அளவுக்கு நெருங்கலாம். ஆனால் எண்ணிக்கைப்படி, உத்தரவுப்படி, எல்லோருக்கும் ஒரே அளவில். அன்பு இங்கே ரேஷனில் கிடைக்கிறது. கலூப்புக்கு இது புகார் இல்லை, நிம்மதி. அளந்து கொடுக்கிற இடத்தில் யாருக்கும் கூடவும் கிடைக்காது, குறையவும் கிடைக்காது. அவன் முகம் அப்படி ஒன்றும் யாரையும் இழுக்கிற முகம் இல்லை. குள்ளம், அம்மைத் தழும்பு போட்ட மாதிரி கன்னம். வெளியே இருந்திருந்தால் வரிசையில் கடைசியில் நின்றிருப்பான். இங்கே வரிசையை நிறுத்துகிறவனே அவன்தான்.

பெரியப்பாவும் இஸ்திரிப் பெட்டியும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்தப் படத்தைப் பெரியப்பாவோடு உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு வீட்டில் சுவரில் மெடல் தொங்கும். “மிலிட்டரி படமாடா? போடு” என்று அவரே சொல்லி உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம், “எப்படா சண்டை வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘எழுந்து போய்விடுவார், டிவியில் வேறு ஏதாவது போடச் சொல்வார்’ என்று நான் காத்திருந்தேன்.

இஸ்திரி போடும் காட்சி வந்தது. வீரர்கள் வரிசையாக நின்று சட்டைக்கு மடிப்பு எடுக்கிறார்கள். துணியை நீவி, விளிம்பைப் பிடித்து, பெட்டியை மெதுவாக நகர்த்துகிறார்கள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “இது தெரிஞ்சவன் எடுத்திருக்கான்டா” என்றார். எடுத்தவர் ஒரு அம்மா என்று சொன்னேன், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். ட்ரெய்னிங்கில் சேர்ந்த புதிதில் அடி, ரகடா (கடுமையான தண்டனைப் பயிற்சி) எல்லாம் தாங்கிக்கொண்டாராம். ஒருநாள் காலை ஃபால்-இன்னில் பயிற்சி தரும் உஸ்தாத் இவர் முன்னால் வந்து நின்று, சட்டை மடிப்பின் மேல் விரலை வைத்துக் கீழே வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாராம். “ஒண்ணும் சொல்லல பாரு, அதான்டா சர்ட்டிஃபிகேட்டு” என்றார். அறுபது தாண்டிய மனிதர். அதைச் சொல்லும்போது அவர் கை தன் சட்டையின் முன்பக்கத்தை நீவிக்கொண்டிருந்தது.

என் கேள்விக்குப் பாதி பதில் அன்று அந்த விரலில் கிடைத்தது. ராணுவம் ஒரு வாக்குறுதி தருகிறது. சரியாகச் செய், கவனிக்கப்படுவாய். வீட்டில் அப்பா கவனிக்காமல் போகலாம், காதலித்தவள் திரும்பிப் பார்க்காமல் போகலாம், அதற்கெல்லாம் கணக்கு இல்லை. இங்கே கணக்கு உண்டு. மடிப்பு நேராக இருந்தால் விரல் ஓடும், இல்லையென்றால் ரகடா. படத்தில் இந்த ஆண்கள் செய்கிற வேலைகளைக் கவனித்தால், துவைப்பது, தேய்ப்பது, படுக்கையைச் சுருக்கமில்லாமல் போடுவது என்று முக்கால்வாசி வீட்டு வேலைதான். வீட்டில் இதே வேலையைப் பெண்கள் செய்யும்போது மடிப்பில் விரல் வைத்துப் பார்க்க யாரும் வருவதில்லை. முகாமில் அது ஆண்மைக்கான தேர்வாகிவிடுகிறது. என் பெரியம்மா நாற்பது வருடமாகப் பெரியப்பாவின் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கமாண்டருக்குத் தெரியும்

கலூப் தன் கமாண்டர் ஃபொரெஸ்தியேவைப் பற்றிச் சொல்கிற ஒரு வரி உண்டு. அவரைத் தனக்கு ஏனென்று தெரியாமலே பிடிக்கும் என்கிறான். நான் குறையே இல்லாத லீஜன் வீரன் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அவர் அதைச் சட்டை செய்யவில்லை என்கிறான். முழுப் படமும் இந்த வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாக்குறுதி பொய்த்துவிட்டது. எல்லா மடிப்பும் நேராக இருக்கிறது, விரலை ஓட்ட வேண்டியவர் பார்க்காமலே கடந்து போகிறார். ஓரமாக உட்கார்ந்து, போதை தரும் காத் இலையை மென்றுகொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் சான்தேன் வருகிறான். பெற்றோர் யாரென்று தெரியாமல் எங்கோ கண்டெடுக்கப்பட்ட பிள்ளை. நல்ல உயரம், அமைதி, கூட இருப்பவர்களுக்கெல்லாம் பிடித்துப்போகிறது. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தபோது ஒருவனைக் காப்பாற்றுகிறான். ஃபொரெஸ்தியே அவனைப் பார்க்கிறார், பேசுகிறார், பாராட்டுகிறார். கலூப் வருடக்கணக்காக உழைத்தும் கிடைக்காத ஒன்று இவனுக்குச் சும்மா கிடைக்கிறது. கடலில் குதித்தது சும்மாவா என்று கேட்கலாம். வீரம்தான், ஆனால் கலூப் அதை அப்படிப் பார்க்கவில்லை. சான்தேனைக் கண்ட முதல் நாளே, ஹெலிகாப்டர் விழுவதற்கு முன்பே, இனம் தெரியாத ஏதோ ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டுவிட்டது. தகுதியைப் பார்க்காமலே ஒருவன் மேல் அன்பு வைக்க முடியும் என்பதற்கு அந்தப் பையன் உயிருள்ள ஆதாரம். அதை ஒத்துக்கொண்டால் கலூப்பின் இத்தனை வருட உழைப்புக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

அடுத்தவனிடம் இருப்பது தனக்கு வேண்டும் என்று ஏங்குவது சாதாரணப் பொறாமை. கலூப்பின் வயிற்றெரிச்சல் அதைவிட மோசம். கணக்கு தப்பாகிவிட்டதே என்கிற ஒரு குமாஸ்தாவின் கோபமும் அதில் கலந்திருக்கிறது. கட்டுப்பாடு உள்ள இடத்தில் பொறாமை அடங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே சாப்பாடு, ஒரே முடிவெட்டு, அப்புறம் எதற்குப் பொறாமை என்று. நான் பார்த்தவரை நேர்மாறு. எல்லாம் ஒன்றாக இருக்கிற இடத்தில் ஒரு நொடிப் பார்வை கூடப் போனால்கூட அது தனியாகத் தெரியும். அண்ணன் தம்பிக்குள் வருகிற பொறாமை எவ்வளவு கொடியது என்று கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் கொடுத்தது தப்பா

கலூப் ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு கமாண்டரின் கண்ணுக்கு எட்டாத ஒரு இடத்துக்குப் போகிறான். அங்கே ஒரு வீரன் காவல் வேலையை விட்டு நகர்ந்ததற்குத் தண்டனை வாங்குகிறான். வெயிலில் குழி தோண்ட வேண்டும். கை கிழிந்துபோகிறது. சான்தேன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கலூப் வந்து அதைத் தட்டிவிடுகிறான், அவன் மேல் கை வைக்கிறான். சான்தேன் திருப்பி ஒரு குத்து விடுகிறான்.

எனக்கு இந்த இடத்தில் சந்தேகமே இருந்ததில்லை. தாகத்தில் சாகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பவன் நல்லவன், தட்டிவிடுபவன் பாவி. பெரியப்பா வாயைத் திறந்தார்: “தண்ணி குடுத்தது தப்புதான்.” நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். “சென்ட்ரியை விட்டுட்டுப் போனவனுக்குத் தண்டனை குடுக்காம முத்தமா குடுப்பாங்க? எல்லார் முன்னாடியும் குடுத்த தண்டனை அது. இவன் போயித் தண்ணி குடுத்தா என்ன அர்த்தம்? குடுத்தவன் அயோக்கியன்னு மத்த பசங்களுக்குச் சொல்ற மாதிரி. இவன் நல்லவன்தான்டா, இல்லைங்கல. நல்லவன் வேற, சோல்ஜர் வேற.” குத்து விழுந்ததும், “கை நீட்டிட்டான்ல, முடிஞ்சுது. கோர்ட் மார்ஷல்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அவரிடம் வாதம் பண்ணிப் பார்த்தேன், நகரவில்லை. அடுத்து, கலூப் சான்தேனை வண்டியில் ஏற்றிப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ‘நடந்தே முகாமுக்கு வந்து சேர்’ என்கிறான். இதற்கும் பெரியப்பா தலையாட்டினார். கடுமைதான், ஆனால் கேள்விப்படாதது இல்லை என்றார். சான்தேன் கையில் இருக்கும் திசைகாட்டி வேலை செய்யவில்லை, அதைக் கெடுத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் “சண்டாளன்” என்று ஒரே வார்த்தை சொல்லி எழுந்து வெளியே போய்விட்டார். திண்ணையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து இந்தப் படத்தை நான் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்துதான் பார்க்கிறேன். திசைகாட்டி வரைக்கும் கலூப் ஒரு விதியைக்கூட மீறவில்லை. தண்டனை சட்டப்படி, தண்ணீரைத் தடுத்தது சட்டப்படி, அவனை வேலை வாங்கியது சட்டப்படி. வயிற்றெரிச்சல் முழுக்க உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறது, ஒரு பொத்தான்கூடக் கழலவில்லை. பக்கத்தில் இருந்து பார்க்கிற இன்னொரு சிப்பாயால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வருடக்கணக்காக சர்வீஸ் செய்த என் பெரியப்பாவாலேயே முடியவில்லை.

அப்புறம் ஏன் மீறினான்? இங்கேதான் எனக்கு ஆசை விளக்கம் போதாமல் போகிறது. அந்தக் குத்து விழுந்த நொடியில் கலூப்புக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது. மேலதிகாரியைக் கைநீட்டி அடித்தவன், பார்த்த சாட்சிகள் உண்டு. சான்தேனை முகாமுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், மீதியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் முகாமுக்குக் கொண்டுபோனால் அவனை ஃபொரெஸ்தியே முன்னால்தான் நிறுத்த வேண்டும். அவர் மறுபடி சான்தேனைப் பார்ப்பார். ஒருவேளை மன்னித்துவிடுவார். தண்டித்தாலும்கூட, அவன் முகத்தைப் பார்த்து, யோசித்து, மனம் சங்கடப்பட்டுத்தான் தண்டிப்பார். அந்தச் சங்கடத்தைக்கூடக் கலூப்பால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. தன் வாழ்நாள் முழுக்க நம்பிய சட்டத்தை, அது தனக்குச் சாதகமாக இருந்த ஒரே தருணத்தில், அவன் நம்பவில்லை.

அந்த ஆப்பராவுக்கும் மூலமான, அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லின் ‘பில்லி பட்’ கதையில்தான் தெனி தொடங்கினார். அது 1797இல் நடக்கிற கதை. ஆங்கிலக் கப்பற்படையில் அந்த வருடம் நிஜமாகவே கலகங்கள் வெடித்திருந்தன, அதிகாரிகளுக்குப் பயம் இருந்தது. பொறாமையில் தன்மேல் பொய்க் குற்றம் சொன்ன மேலதிகாரி கிளாகர்ட்டை இளம் மாலுமி பில்லி ஒரே அடியில் கொன்றுவிடுகிறான், கேப்டன் வேர் சட்டப்படி அவனைத் தூக்கில் போட வைக்கிறார். அங்கே சட்டம் கடைசிவரை ஓடி முடிகிறது, பொறாமைக்காரன் பாதியிலேயே செத்துவிடுகிறான். தெனி இரண்டையும் புரட்டிப் போட்டார். பொறாமைக்காரன் உயிரோடு இருக்கிறான், மார்செய் நகரத்தில் உட்கார்ந்து கதையை அவனே சொல்கிறான். சட்டம் சான்தேன் பக்கம் வருவதே இல்லை. உப்புப் படிந்த வெளியில் விழுந்து கிடப்பவனை உள்ளூர்க்காரர்கள் கண்டெடுக்கிறார்கள். திசைகாட்டி மட்டும் உப்பேறிச் சந்தையில் வந்து சேர்கிறது. அதை வைத்துக் கலூப்பைத்தான் படையை விட்டு அனுப்புகிறார்கள்.

படத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஃபொரெஸ்தியே ரொம்பச் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார். மெல்வில்லின் கேப்டனாவது சாகும்போது பில்லியின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாகிறார். இவருக்கு அந்தத் துயரம்கூட இல்லை. ஃபொரெஸ்தியேவாக நடித்த மிஷல் சூபோர் 1960இல் கொதார் எடுத்த ‘ல பெத்தி சொல்தா’வில் இதே புருனோ ஃபொரெஸ்தியே என்ற பெயரில் அல்ஜீரியப் போரை விட்டு ஓடிய இளைஞனாக நடித்தவர் (இந்தக் கொதார் இயக்குநர், ஆன்யெஸ் வேறு, இருவரும் உறவில்லை). அந்தப் பையனே வயதாகி இங்கே வந்து உட்கார்ந்திருப்பதாகத் தெனி வைத்துக்கொள்கிறார். சினிமா ரசிகர்களுக்கு அது இனிப்பான விஷயம். எனக்கோ, தனக்குக் கீழே இருப்பவன் எதற்காக உயிரை விடுகிறான் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிற அதிகாரிதான் தெரிகிறார். நல்லவனைப் பாராட்டியது அவர் குற்றமில்லை. ஒழுங்காக வேலை செய்தவனைக் கடைசிவரை கண்டுகொள்ளாமல் விட்டது குற்றம்தான்.

கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் படம் பார்த்தவர்கள் அடிக்க வருவார்கள். மார்செய் அறையில் கலூப் படுக்கையைச் சுருக்கமில்லாமல் போடுகிறான், இன்னும் யாரோ பரிசோதிக்க வரப்போகிற மாதிரி. வயிற்றின் மேல் துப்பாக்கியோடு படுக்கிறான். நல்ல காரியத்துக்குத் தொண்டு செய், செத்துப் போ என்று நெஞ்சில் பச்சை குத்தியிருக்கிறது. புஜத்தில் ஒரு நரம்பு துடிக்கிறது. உடனே ஆளில்லாத ஒரு டிஸ்கோ, கொரோனா என்ற இசைக்குழுவின் ‘தி ரிதம் ஆஃப் தி நைட்’ பாட்டு, கறுப்புச் சட்டையில் கலூப். முதலில் சிகரெட்டோடு சோம்பலாகச் சுற்றுகிறான், ஒரு காலைத் தூக்கி நிறுத்திக்கொள்கிறான். திடீரென்று கை கால் எல்லாம் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆடுகிறான், தரையில் விழுந்து உருள்கிறான். படம் முழுக்க நாம் பார்த்த எந்தப் பயிற்சியிலும் இல்லாத அசைவுகள். எண்ணிக்கை இல்லை, ஜோடி இல்லை, மதிப்பெண் போட யாரும் இல்லை. இவ்வளவு ஆட்டம் அந்த உடம்புக்குள் இத்தனை காலமும் இருந்திருக்கிறது, கமாண்டர் உட்பட ஒருவரும் கேட்டதில்லை.

இதை விடுதலை என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை. பாலைவனத்தில் ஒருவனைச் சாக விட்டவன் அவன், அதை எந்தப் பாட்டும் அழிக்காது. ஆனால் ஒன்று, திரைக்கதையில் ஆட்டம் துப்பாக்கிக்கு முன்னால்தான் இருந்தது. எடிட்டிங்கில்தான் தெனி அதைத் தூக்கிக் கடைசியில் வைத்தார். எழுதியபடியே விட்டிருந்தால், வயிற்றெரிச்சல் பிடித்த ஒருவன் அதற்கான கூலியை வாங்கிக்கொண்டு செத்தான் என்று நானும் பெரியப்பா மாதிரியே தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன்.